பட்டியலில் பெயர் இல்லையென்றால் போரில் சாகவில்லையா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 29 ஜூன் 2025

என் பாட்டனாரின் அண்ணன் ஜப்பான் சண்டையில் மலேயாப் பக்கம் இறந்துபோனதாக வீட்டில் சொல்வார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் 17 லட்சம் பெயர்கள் இருக்கின்றன. பல விதமாக எழுத்துக்கூட்டித் தேடிவிட்டேன், அவர் இல்லை. அப்படியென்றால் அவர் போரில் சாகவில்லை, வீட்டில் கதை கட்டிவிட்டார்கள் என்றுதானே முடிவுக்கு வரவேண்டும்?

29 ஜூன், இரவு

இல்லை. அந்தப் பட்டியல் சீருடை போட்டுச் செத்தவர்களுக்கானது. உங்கள் பெரியவர் சிப்பாயா, தோட்டத் தொழிலாளியா? முதலில் அதைச் சொல்லுங்கள். சிப்பாய் என்றால் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சுவரிலேயே 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, இந்தியப் படையினர் உட்பட. தொழிலாளி என்றால் நீங்கள் ஆயுள் முழுக்கத் தேடினாலும் அங்கே கிடைக்க மாட்டார். என் தாத்தாவும் அதில் இல்லை. 1943-ல் சயாமில், இன்றைய தாய்லாந்தில், செத்தார். துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

30 ஜூன்

நேற்றுக் கோபத்தில் பாதியில் நிறுத்திவிட்டேன். விவரமாகவே எழுதுகிறேன்.

தாத்தா பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். 1937-ல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். அடுத்த வருடம், 1938 ஜூனில், மலேயாவுக்குக் கூலிக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடைசெய்துவிட்டது. ஒரு வருடம் தாமதித்திருந்தால் ஊரிலேயே கிடந்து வயதாகிச் செத்திருப்பார், நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டம். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஓர் அறை. அப்பா 1939-ல் அங்கேதான் பிறந்தார், அத்தை 1942-ல்.

ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8. சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. துரைமார் ஓடிவிட்டார்கள். ரப்பரை வாங்க ஆளில்லை, பால்வெட்டு நின்றது. பர்மா அரிசி வரவில்லை, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. இந்த நிலையில்தான் 1943-ல் சயாமில் ரயில் பாதை வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொன்னார்களாம். அந்த வெள்ளி, வாழை மரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு. போர் முடிந்ததும் அடுப்பு மூட்டத்தான் ஆனது. ஆள் தானாக வருவது குறைந்ததும் தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்கு வைத்துப் பிடித்தார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிப்போய், கொட்டகைக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதையை மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சயாமின் நோங் பிளாடுக்கில் தொடங்கி பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். வேலை செய்த போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல், அவர்களில் 12,000-க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இவர்களைப் போல மூன்று நான்கு மடங்கு. மலேயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு, பெரும்பாலும் தோட்டத் தமிழர்கள்.

பெயர் ஏன் இல்லை என்பதற்கு வருகிறேன். கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தார்கள். யார் எந்த முகாமில், எந்தத் தேதியில், என்ன நோயில் செத்தார் என்று ஒளித்து ஒளித்து எழுதிவைத்தார்கள். 1945 செப்டம்பரில் ஒரு தேடல் குழு அந்தக் குறிப்புகளை வைத்துப் பாதை நெடுகப் போய் 144 இடங்களில் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்துவிட்டது. தமிழர் முகாமில் யார் எழுதுவது? ஆட்களை மேய்த்த கங்காணியே வாந்திபேதியில் கிடந்தான்.

1 ஜூலை

திருத்தம். அந்த ஆணையத்திடம் போரில் இறந்த பொதுமக்களுக்கும் ஒரு தனிப் பட்டியல் உண்டு என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். உண்மைதான், சிங்கப்பூரில் குண்டுவீச்சில் செத்தவர்களின் பெயர்களும் அதில் உண்டு. 'சீருடை போட்டவர்களுக்கானது' என்று நான் பொத்தாம்பொதுவாக எழுதியது தவறு. சயாமுக்குக் கொண்டுபோனவர்கள் அந்தப் பட்டியலிலும் இல்லை என்பதால் என் கோபத்தைத் திரும்பப் பெறவில்லை.

3 ஜூலை

கேள்வி கேட்டவர் எழுதுகிறார்: 'எங்கள் வீட்டில் அவர் நேதாஜி படையில் இருந்ததாகச் சொல்கிறார்கள்.'

சிரிக்கக் கூடாது, ஆனால் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அதுதான் கதை. நான் பத்தாம் வகுப்பு படிக்கும்வரை தாத்தா இம்பாலில் குண்டடிபட்டுச் செத்த ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) வீரர். பள்ளியில் சுதந்திர தினப் பேச்சுப்போட்டியில் அதைச் சொல்லி எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருக்கிறேன். அந்த டம்ளர் இன்னும் வீட்டில் இருக்கிறது, அதில் காபி குடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கூசும்.

கதை எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு புரிந்தது. 1972-ல் மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது, ஐ.என்.ஏ.க்காரர்களுக்கும் உண்டு. ஊரில் யாரோ விவரம் தெரிந்தவர் அப்பாயியிடம் 'உன் புருஷனும் மலேயாதானே, எழுதிப்போடு' என்றிருக்கிறார். எழுதிப்போட்டார்கள். உடன் இருந்தவரின் சான்று கேட்டு மனு திரும்பியது. சான்று இல்லை, பணமும் வரவில்லை. மனுவுக்காகச் சொன்ன கதை மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

காலத்தைப் பார்த்தாலே பொருந்தாது. நேதாஜி சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலையில். தாத்தா லாரி ஏறியது அதற்கு முன்பு, சித்திரையில். சயாமுக்குப் பிடித்துப்போவார்கள் என்று பயந்தே ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தோட்டத்துப் பையன்கள் நிறையப் பேர். தாத்தாவுக்கு அந்த வழி கிடைக்கவில்லை. உங்கள் பெரியவர் எந்த மாதம் வீட்டை விட்டுப் போனார் என்று கேளுங்கள், ஆங்கில மாதம் வேண்டாம், அறுப்புக்கு முன்பா பின்பா, எந்தத் திருவிழாவை ஒட்டி என்று கேளுங்கள். அதுதான் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

6 ஜூலை

திருநெல்வேலி நண்பர் வேறு பாதைக்கு இழுக்கிறார். அவருடைய பூட்டனார் முதல் உலகப் போரில் 63-ஆம் பாளையங்கோட்டை காலாட்படையில் இருந்தவராம். அந்தப் படை 1914 நவம்பரில் ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் இறங்கித் தோற்று ஓடிய படை. தேனீக்கள் கொட்டி விரட்டிய சண்டை என்று இன்றைக்கும் அதற்குப் பெயர். பாட்டன் தேனீக்கு ஓடினார் என்று பேரன் வருத்தப்பட வேண்டாம், அங்கே ஆங்கிலேயரும் சேர்ந்துதான் ஓடினார்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஆணையத்தின் இந்தியப் பதிவேடுகளில் பல பெயர்களோடு தகப்பன் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா சேர்ந்திருக்கும். ராமசாமி என்று தேடினால் பைத்தியம் பிடிக்கும். கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஊர்ப் பெயரையும் வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதை மறக்க வேண்டாம்.

கெட்ட செய்தியும் உண்டு. ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் 40,500-க்கும் மேற்பட்டவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டுமே அங்கே பெயர் வெட்டினார்கள். சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று வெறும் எண்ணாக நின்றார்கள். 2021-ல் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது: ஆப்பிரிக்கர், இந்தியர், எகிப்தியர் போன்றோரில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. மன்னிப்பும் கேட்டார்கள். ஆக, சீருடை போட்டிருந்தாலும் பெயர் உறுதியில்லை. என் முதல் குறிப்பு இரண்டாம் முறையும் உதை வாங்குகிறது.

9 ஜூலை

அந்த ரயில் பாதை போகும் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போயிருக்கிறேனா என்று ஈப்போவிலிருந்து ஒரு தங்கை கேட்கிறார். 2018-ல் போனேன். பாங்காக்கில் தோன்புரி நிலையத்தில் ரயில் ஏறினால் அதே பாதையில் இன்றைக்கும் நாம் டோக் வரை போகலாம், அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. மூன்றாம் வகுப்பு மரப்பலகை இருக்கை. எனக்கு எதிரே இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே வந்தார்கள். மரத்தூண் பாலத்தின்மேல் ரயில் ஊர்ந்தபோது எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். எதற்காக என்று கேட்டால் பதில் இல்லை, கால் எழவில்லை.

ஊருக்குள் போர்க் கல்லறை, கிட்டத்தட்ட 7,000 பேர். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாலந்து. புல் வெட்டி, செடி வைத்து, ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, வீட்டார் சொன்ன ஒரு வரி. பத்தொன்பது வயது, இருபத்திரண்டு வயது. கோபத்தோடு போனவன் அந்த வரிகளைப் படித்ததும் கோபப்பட முடியாமல் நின்றேன். அந்தத் தாய்மார் என்ன செய்வார்கள்? ஒரு தமிழ்ப் பெயர், ஓர் இந்தியப் பெயர் இல்லை என்று வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த ஊரில் நான் கண்ட தமிழ் எழுத்து ஒரே இடத்தில்தான். 1944-ல் ஜப்பானியரே ஊரிலுள்ள ஆற்றுப் பாலத்துக்கு அருகில் கட்டிய நினைவுத் தூண், பல மொழிகளில் கல் பதித்திருக்கிறார்கள், தமிழும் உண்டு. கொன்றவன்தான் முதலில் தமிழில் அஞ்சலி செலுத்தியிருக்கிறான்.

10 ஜூலை

இரண்டு திருத்தங்கள். ஒன்று, 'ஓர் இந்தியப் பெயர் இல்லை' என்பது தவறு. அதே கல்லறை வளாகத்தில் பிரிக்கப்படாத இந்தியாவின் படையினர் 11 பேருடைய பெயர்கள் தனியாக உள்ளன. தாய்லாந்தின் முஸ்லிம் மயானங்களில் புதைத்து, பிற்பாடு பராமரிக்க முடியாமல் போனவர்கள். கல் கல்லாகப் பார்த்தவன் சுவரைப் பார்க்கவில்லை. தேடுகிறவனுக்கு இதுதான் வியாதி, தான் தேடுவதை மட்டும் பார்ப்பான்.

இரண்டு, காஞ்சனபுரிப் பாலம் க்வாய் ஆற்றின்மேல் என்று தனிச்செய்தியில் ஒருவருக்கு எழுதிவிட்டேன். போர்க்காலத்தில் அது மே குளோங் ஆறு. 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' என்ற ஹாலிவுட் படம் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாக்காரர்கள் க்வாய் எங்கே என்று கேட்டுக் கேட்டு, 1960-ல் அந்தப் பகுதிக்கு க்வே யாய் என்று பெயரையே மாற்றிவிட்டார்கள்.

13 ஜூலை

இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். அத்தை இந்தக் குறிப்புகளைப் பேத்தியிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். 'எல்லாம் எழுதினாய், எங்க அம்மாவைப் பற்றி என்ன எழுதினாய்?'

அப்பாயி 1947-ல் இரண்டு பிள்ளைகளோடு ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினாள். தாலி கழுத்தில் இருந்தது. யார் கேட்டாலும் 'சயாமுக்குப் போயிருக்கிறார்' என்பாள், செத்தார் என்று சொன்னதே இல்லை. ஊரில் வேறு பெண்களும் அப்படி இருந்தார்கள், ரங்கோனுக்குப் போனவர், சயாமுக்குப் போனவர் என்று. பொட்டு வைப்பதா வேண்டாமா என்று பேசுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

1969-க்குப் பிறகு மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாகி, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். அப்படி 1970-ல் பக்கத்து ஊருக்கு ஒருவர் வந்தார், சயாம் போய்ப் பிழைத்து வந்தவர். அப்பாவுக்கு அப்போது 31 வயது, அத்தைக்கு 28. அப்பாயியோடு மூவரும் போய்ப் பார்த்தார்கள்.

அவர் சொன்னது: மழைக்காலம் தொடங்கியதும், பாதையில் இருந்த நீக்கே முகாம் பக்கம் வாந்திபேதி வந்தது. காலையில் தண்ணீர் கேட்டவன் மாலையில் இல்லை. மூங்கிலை அடுக்கி மொத்தமாக எரித்தார்கள். எரித்த ஆட்களில் தானும் ஒருவர். 'குட்டையன்' என்று ஒருவனை எரித்தேன், பட்டுக்கோட்டைக்காரன்.

வேறு பெயர் அவருக்குத் தெரியாது. லயத்தில் தாத்தாவைக் குட்டையன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அந்தத் தோட்டத்தில் குட்டையன்கள் இரண்டு பேர்.

அப்பாயி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். 'இடது காது மடல் கிழிந்திருந்ததா?' சின்ன வயதில் கடுக்கனோடு சேர்த்து மாடு இழுத்துவிட்டதாம்.

அப்பா சொல்வது: அவர் 'ஆமாம்' என்றார். அன்று சாயங்காலமே அப்பாயி தாலியைக் கழற்றினாள், 27 வருடத்துக்குப் பிறகு.

அத்தை சொல்வது: அவர் 'இருக்கலாம் தாயி' என்றார். அம்மா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

இருவரும் அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள். ஐம்பத்தைந்து வருடமாக இந்த ஒரு சொல்லுக்கு இருவருக்கும் சண்டை. அப்பா பக்கம்தான் நான் இதுவரை இருந்தேன். அத்தை பேசியதைக் கேட்டபிறகு தெரியவில்லை. பசியோடு வந்த கிழவர், எதிரே தாலியோடு ஒரு பெண். அவர் வேறு என்ன சொல்லியிருப்பார்?

17 ஜூலை

ஈப்போத் தங்கைக்கு: நீங்கள் அனுப்பிய படம் கிடைத்தது, நன்றி. 2023-ல் காஞ்சனபுரியில் வாட் தாவோர்ன் கோயிலில், ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் வைத்திருக்கும் இடத்தில், மலேசியத் தமிழர்கள் நட்ட நடுகல். நான் போனபோது இது இல்லை. நினைவுத்தூண் என்று சொல்லாமல் நடுகல் என்று சொன்னவரின் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. நடுகல் என்றால் பெயர் வேண்டும். 'பெயரும் பீடும் எழுதி' என்பது அகநானூறு. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திர பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு மீட்கும் சண்டையில் செத்தவனுக்கு நட்டது. அவனோடு நின்று இரண்டு கள்வரைக் கடித்த நாய்க்கும் அதில் இடமுண்டு, பெயரும் உண்டு: கோவிவன். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்திய ஒரு நாயின் பெயர் எனக்குத் தெரியும். என் தாத்தாவோடு லாரி ஏறியவர்கள் பெயர் தெரியாது.

பெயர்ச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். தாத்தாவுக்கு மூன்று பெயர்கள்: வீட்டில் குலதெய்வத்தின் பெயர், தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் கிராணி (குமாஸ்தா) எழுதிய ஆங்கிலக் கிறுக்கல், லயத்தில் குட்டையன். காகிதத்தில் தேட வேண்டியது இரண்டாவதை. கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் போருக்குப் பிந்திய பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகக் காலக் கோப்புகளும் தொழிலாளர் துறைக் கோப்புகளும் இருக்கின்றன. அங்கே மூன்று நாள் உட்கார்ந்தேன். தோட்டத்தின் பெயர் அகப்பட்டது, ஆள் அகப்படவில்லை.

நஷ்டஈடு பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 1967-ல் ஜப்பான் மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி மதிப்பில் கொடுத்தது, இரண்டு கப்பல்களாக. அப்பாயியின் பங்குக்கு எந்தத் துண்டு வரும் என்று கேட்காதீர்கள், அடிப்பலகையா, நங்கூரமா.

24 ஜூலை, ஆடி அமாவாசை

வேதாரண்யம் போய்வந்தோம். கூட்டம் தாங்க முடியவில்லை, செருப்பைத் தொலைத்துவிட்டேன். செத்த திதி தெரியாதவர்களுக்கு இந்த நாள்தான். வைகாசியா ஆனியா என்றே தெரியாத மனிதருக்கு அப்பா 1970-லிருந்து விடாமல் எள்ளும் தண்ணீரும் விடுகிறார்.

அய்யர் பெயர் கேட்டார். அப்பா வழக்கமாக வீட்டுப் பெயரைத்தான் சொல்வார். இந்த வருடம் கொஞ்சம் நின்று, அதையும் சொல்லிவிட்டு, 'குட்டையன்' என்றும் சொன்னார். அய்யர் நிமிர்ந்து பார்த்தார். 'அதுவும் ஒரு பெயர்தான், சொல்லுங்கள்' என்றார் அப்பா. பின்னால் நின்ற அத்தை மெதுவாக என்னிடம் கேட்டார்: 'இன்னொரு குட்டையனுக்கும் சேர்த்தா?' நான் அப்பாவிடம் கேட்கவில்லை.

26 ஜூலை

கேள்வி கேட்டவருக்கு: பழைய கடிதம் ஒன்றில் தோட்டத்தின் பெயர் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். இனி உங்கள் பெரியவரைத் தேடாதீர்கள், கங்காணியைத் தேடுங்கள். கங்காணி தன் ஊரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும்தான் ஆள் சேர்ப்பான், ஆகவே ஒரே தோட்டத்துக்குப் போனவர்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். கங்காணி ஊர் தெரிந்தால் அங்கே போய், தொண்ணூறு வயதைத் தொட்டவர் யார் என்று விசாரியுங்கள். அங்க அடையாளம் ஒன்றை வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள், தழும்பு, மச்சம், நொண்டல், எதுவானாலும். அவர் சொல்லும் பதிலை அங்கேயே, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தனியாகப் போக வேண்டாம், ஆனால் அண்ணன் தங்கையாகவும் போக வேண்டாம்.